நீங்கள் சொல்லாத ‘இல்லை’

என் அன்புக்குரிய என்னங்க,

உயிரோடு இருந்தவரை உங்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது மட்டும் எதற்கு? இதைக் கல்லறையில் நின்று சொல்லியிருப்பேன். ஆனால் ஊருக்கும் தெரிய வேண்டிய விஷயம் என்பதால் நம் கோவிலின் பங்கு இதழில் போடச் சொல்லியிருக்கிறேன்.

திரேஸ்புரத்தில் புது மீன் ஏலக்கூடம் கட்டி முடித்துவிட்டார்கள். தரை நல்ல சரிவு, தண்ணீர் தேங்குவதில்லை. அதற்கு உங்கள் பெயரை வைப்பதாக மீனவர் சங்கத்தில் பேச்சு. போன மாதம் சங்கச் செயலாளர் ரீகன் வீட்டுக்கு வந்தான். கல்லில் வெட்டப்போகும் வரியைப் படித்துக் காட்டினான்: ‘கரை மசோதாவை எதிர்த்து வாக்களித்த நம் சட்டமன்ற உறுப்பினர்.’

“இதை உனக்கு யார் சொன்னது?” என்றேன்.

“ஊரே சொல்லுதும்மா. சிலபேரு ஆதரிச்சாருங்கான், சிலபேரு எதிர்த்தாருங்கான். சட்டமன்றத்துக்கு எழுதிக் கேட்டோம். அது குரல் வாக்கெடுப்பாம், யாரு என்ன சொன்னாங்கன்னு பதிவே கிடையாதாம். பிறகென்ன? எதிர்த்தாருன்னு போட்டா யாரு மறுக்க முடியும்?”

“நான் மறுப்பேன்.”

அவன் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தான். “இந்த வரி இல்லன்னா பேரு நிக்கிறது கஷ்டம்மா” என்றான்.

உங்களுக்கு நினைவிருக்கிறதா, வாக்கெடுப்பு முடிந்து சென்னையிலிருந்து வந்து இறங்கிய அந்தக் காலை? பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டேன். “ஆம் என்பவர்கள் சொல்லுங்கள் என்றார் சபாநாயகர். நம்ம கட்சி மொத்தமும் சொன்னது, நான் சொல்லலை. இல்லை என்பவர்கள் சொல்லுங்கள் என்றார். நம்ம கட்சிக் கொறடா திரும்பிப் பார்த்தார். அப்பவும் நான் சொல்லலை” என்றீர்கள். அதற்கு எதற்கு அவ்வளவு தூரம் ரயிலேறிப் போனீர்கள் என்று கேட்டேன். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனீர்கள். அதன்பின் நாம் அதைப் பேசவே இல்லை.

நம் கரையைக் கிடங்கு கட்டக் கொடுக்கும் அந்த மசோதா நிறைவேறியது. வள்ளங்களை ஏற்றி வைத்து, வலை காயப்போட்டிருந்த கரையில் கிடங்குச் சுவர் எழும்பிவிட்டது. இன்றைக்கும் அந்தச் சுவரைச் சுற்றித்தான் கடலுக்குப் போகிறார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து ஏலக்கூடத்தில் கூட்டம். உள்ளதை உள்ளபடி சொன்னேன். நீங்கள் ஆதரிக்கவில்லை, எதிர்க்கவும் இல்லை, வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தீர்கள் என்று. யாரோ பின்னாலிருந்து, “என்னம்மா, அண்ணாச்சிக்கு நீங்களே எதிர்க்கட்சியா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மரியசெல்வம் மட்டும் சிரிக்கவில்லை. கருவாடு விற்பாளே, அவள்தான். “ஏலத்துல வாய மூடிட்டு நின்னா மீனு யாரு கூடைக்குப் போவும்? ஏலம் கேட்டவன் கூடைக்குத்தான். எங்க கரை அப்படித்தான் போச்சு. வயசான காலத்துல இதைச் சொல்லவா இம்புட்டு தூரம் நடந்து வந்தீங்க?” என்றாள். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

ரீகன் பேச்சை முடிக்கப் பார்த்தான். “அந்த வரி வேண்டாம், பேரு மட்டும் வைப்போம். சம்மதம்னா எல்லாரும் சத்தமாச் சொல்லுங்க.”

“சத்தம் வேண்டாம் ரீகன். கையைத் தூக்கச் சொல். யார் தூக்கினார், யார் தூக்கவில்லை என்று எல்லாரும் பார்க்கட்டும்” என்றேன்.

“ஏலே, எம்மெல்லே அம்மா சொல்லுதாங்கள்லா, கையத் தூக்குங்கலே!” என்று அந்தப் பின்வரிசைக்காரரே அதட்டினார்.

சிலர் தூக்கினார்கள். எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. தூக்காதவர்கள்தான் அதிகம்.

ஆனால் மரியசெல்வத்தின் கை மேலே இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “புயல்ல எங்க வீட்டுக்காரர் வள்ளத்தோட காணாமப் போனப்ப, தேடச் சொல்லி அண்ணாச்சி மெட்ராசுல அந்தக் கத்து கத்தினாருலா. அதுக்குத்தான். கரைக்கு இல்ல” என்றாள்.

ரீகன் என்னிடம் குனிந்து, “நீங்களும் தூக்கலாம்மா” என்றான். என் கை ஏற்கெனவே மேலேதான் இருந்தது. தோள் வலியில் காது உயரத்துக்குமேல் போகாததால் அவன் கவனிக்கவில்லை. முழங்கையை மறு கையால் தாங்கிப் பிடித்து இன்னும் உயர்த்தினேன்.

ஆகவே ஏலக்கூடத்துக்கு உங்கள் பெயர் இல்லை. வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். ஆனாலும் செய்யாத ஒன்றைச் செய்ததாகச் சொல்லும் கல்லைத் தினமும் கடந்துபோக என்னால் முடியாது.

தேர்தல் வரப்போகிறது. கும்பிட்டபடி நம் வாசலுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், எந்தக் கட்சியானாலும், ஒன்று கேட்பேன்: எங்கள் கரையைப் பற்றி மசோதா வந்தால், பெயர் பெயராக வாக்கைப் பதியச் சொல்லி எழுந்து கேட்பீர்களா? மழுப்புகிறவருக்கு என் வாக்கு கிடையாது. என்ன பதில் வந்தது என்பதைக் கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்றும்போது உங்களிடம் சொல்வேன். இது உறுதி.

எல்லாரும் பார்க்க உங்களுக்காகக் கை தூக்கிய,
உங்கள் மனைவி
பிலோமினா