செம்பருத்தித் தொட்டியில் மாத்திரை

அன்புள்ள ஃபிரெடி அண்ணாவுக்கு,

சேலையூரிலிருந்து சுப்ரஜா. உங்கள் ஹெல்த் சேனலில் பெரும்பாலும் முதல் கமெண்ட் என்னுடையதுதான்! நீங்கள் ஹார்ட் போட்டதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். என்னைப் பார்த்துத்தான் எங்கள் அப்பாவும் உங்கள் ரசிகர் ஆனார். இதைக் கமெண்ட்டில் போட முடியாது, அதனால் மெயில்.

பி.பி. மாத்திரையால் அப்பாவுக்குக் கணுக்கால் வீங்கும். செருப்பு வார் பதிந்த தடம் ராத்திரி வரை மறையாது. போன வாரம் பார்த்தால் வீக்கமே இல்லை. அம்மா பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் போட்டாள். எனக்கு மட்டும் சந்தேகம். மாத்திரை அட்டை ஒழுங்காகக் காலியாகிறது. அம்மாவே கையில் கொடுத்து, விழுங்கும்வரை எதிரிலேயே நிற்கிறாள். அப்புறம் எப்படி வடிந்தது?

விழுங்கியதும் அப்பா நேராக பால்கனிக்குப் போய்ச் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றுவார். பூப்பறிக்கப் போகிற சாக்கில் தொட்டியைக் கிளறினேன். பாதி கரைந்த வெள்ளை மாத்திரைகள்! நாக்குக்கு அடியில் ஒதுக்கி அங்கே துப்பியிருக்கிறார்.

கேட்டால், "அம்மாகிட்ட மூச்சு விடாதேடி. கால் வீங்கினா அந்த மாத்திரை விஷம், உடனே நிறுத்துன்னு ஃபிரெடி தம்பியே சொல்லிட்டான்" என்கிறார். வீடியோவை மறுபடி பார்த்தேன். சொல்லியிருக்கிறீர்கள். உடனே ஒரு மூலிகைப் பொடி டப்பாவையும் காட்டுகிறீர்கள். முதல் தடவை எனக்கு அது விளம்பரமாகவே தெரியவில்லை. அண்ணா, அந்தப் பொடியை நீங்கள் சாப்பிடுகிறீர்களா?

கெஞ்சிக் கூத்தாடி அவரை கேம்ப் ரோடு டாக்டர் அமலராணியிடம் கூட்டிப் போனேன். பி.பி. நூற்றெண்பதுக்கு மேல். இந்த மாத்திரைக்குக் கால் வீங்குவது சகஜம், அளவைக் குறைக்கலாம், வேறு மாற்றலாம், தானாக நிறுத்தினால் பக்கவாதம்கூட வரும் என்று சொல்லி, வேறு மாத்திரை எழுதினார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அப்பா, "டாக்டருக்குக் கமிஷன் உண்டு. பாவம், தம்பிக்கு என்ன லாபம்?" என்றார்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "வாயைத் திறங்கோ" என்று அவள் நிற்க, "நான் என்ன குழந்தையா?" என்று அவர் எழுந்து போய்விட்டார். புது மாத்திரை மஞ்சள். இன்று காலை மண்ணில் பளிச்சென்று கிடந்தது.

அவருக்குக் காலைக் காபியே உங்கள் வீடியோவோடுதான். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று ஒரு வரி, உங்கள் வாயால் சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் ஏறாது. நாளைக்கு நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் அண்ணா. எங்கள் அப்பாவும்.

இன்னும் அன்சப்ஸ்கிரைப் பண்ணாத,
சுப்ரஜா சாம்பசிவன்