சுவர் வரைக்கும்

மார்ச் 4, செவ்வாய்

காஸ் தீர்ந்தது. மாற்றிவிட்டு வழக்கம்போல் குடிதண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைத்தேன். வாலு மறுபடியும் வயிற்று வலி என்று பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் வந்துவிட்டாள். அழக்கூடத் தெம்பில்லாமல் என் மடியில் சுருண்டு கிடந்தாள். ரத்தப் பரிசோதனை முடிவு நாளை மறுநாள் வரும். வயிற்றில் பூச்சிதான் இருக்கும் என்கிறார் இவர். இவருக்கு எல்லாமே பூச்சிதான்.

மார்ச் 6, வியாழன்

பூச்சி இல்லை. ஈயம். என் ஆறு வயது மகளின் ரத்தத்தில் ஈயம்!

பழைய பெயின்ட்டைச் சுரண்டித் தின்கிறாளா என்று டாக்டரம்மா கேட்டார். வீடு எவ்வளவு பழசு என்று கேட்டார். தண்ணீர்க் குழாய் எதனால் ஆனது என்று கேட்டார். யாருக்குத் தெரியும்? திறந்தால் தண்ணீர் வருகிறது, அவ்வளவுதான் தெரியும். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

"கொதிச்சா கிருமி சாகும்மா. ஈயம் போகாது."

பிறந்ததிலிருந்து கொதிக்க வைத்துக் கொதிக்க வைத்துக் கொடுத்தேனே. யாரைத் திட்டுவது? அடுப்பையா?

மார்ச் 7, வெள்ளி

குடிநீர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். குழாயைக் காசால் சுரண்ட வேண்டும். சுலபமாகக் கீறல் விழுந்து, கீறிய இடம் வெள்ளி மாதிரி மின்னினால், காந்தமும் ஒட்டாவிட்டால், அது ஈயம்.

பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே படுத்துக்கொண்டு சுரண்டினேன். வாலுவின் விளையாட்டுத் தூண்டிலில் இருந்த காந்தத்தை வைத்தேன். பொத்தென்று விழுந்தது. கீறிய இடம் பளபளத்தது.

மார்ச் 8, சனி

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

அப்பா வீட்டைப் பிரித்தபோது முன்பாதி அண்ணனுக்கு, பின்பாதி எனக்கு. நடுவில் சுவர். தெருவிலிருந்து வரும் தண்ணீர் அவன் சமையலறை வழியாகத்தான் என் பக்கம் வருகிறது. அப்படியென்றால் அங்கேயும் இதே குழாய்தானே, புட்டிப்பால் குடிக்கும் அவன் பேரன் வேறு இருக்கிறானே என்று பதறியடித்துக்கொண்டு ஓடினேன். அண்ணியை நகரச் சொல்லிவிட்டுத் தொட்டிக்குக் கீழே குனிந்தால் — வெள்ளை வெளேரென்று பிளாஸ்டிக் குழாய். சுவர் வரைக்கும். சுவரைத் தொடும் இடத்தில் ஓர் இணைப்பு. அதற்குமேல் என்னுடைய சாம்பல் குழாய்.

எப்போது மாற்றியது? நாலு வருஷம் ஆகிறதாம். ஈயக்குழாய் ஆகாது என்று பிளம்பர் சொன்னாராம், மாற்றிவிட்டானாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை?

"செவுத்துக்கு அந்தப் பக்கம் உன் பங்கு. உன் பங்குல நான் எதுக்கு மூக்கை நுழைக்கணும்?"

கூடப்பிறந்தவன். நாலு வருஷம் தெரிந்தே இருந்திருக்கிறான். வாலுவைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவான், அப்போதும் தெரியும். வாய்க்கு வந்தபடி கேட்டுவிட்டு வந்தேன். போதவில்லை. இப்போது உட்கார்ந்தால் இன்னும் நல்ல நல்ல வசவாக ஞாபகத்துக்கு வருகிறது. விடு, சண்டை போட்டால் குழாய் மாறிவிடுமா என்கிறார் இவர். மாறாது. தெரியும். ஆனால் விடமாட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

குடிக்கக் கேன் தண்ணீர். செவ்வாயன்று பிளம்பர் வருவார். அண்ணனோடு பேச்சு இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

பிளம்பர் வருவதற்குள் தண்ணீரை அடைத்து வைக்கலாமே என்று வாசலில் இருக்கும் மீட்டர் குழிக்குப் போனேன். இப்போதெல்லாம் எந்தக் குழாயைப் பார்த்தாலும் கை காசைத் தேடுகிறது. மீட்டருக்குத் தெருப்பக்கம் சுரண்டினேன். பளபள. வீட்டுப்பக்கம் சுரண்டினேன். அதுவும் பளபள.

அண்ணன் மாற்றியது வீட்டுக்குள் கண்ணுக்குத் தெரிந்த துண்டை மட்டும். மண்ணுக்குள் இருப்பது அத்தனையும் பழைய ஈயம். நாலு வருஷமாக அவனும் இதே தண்ணீரைத்தான் குடிக்கிறான்.

சிரித்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் சிரித்தேன். குழியை மூடினேன். பிளம்பரை இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டேன். வாசல் அண்ணன் பங்கு. நான் எதுக்கு மூக்கை நுழைக்கணும்?

மார்ச் 12, புதன்

சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுகிறான். புட்டி கழுவும் சத்தம். அழுகை நிற்கிறது. சே.

மதியம் — போய்ச் சொல்லிவிட்டேன். அண்ணனிடம் இல்லை, அவன் மருமகளிடம். அவள் கையிலிருந்த புட்டியைப் பிடுங்கித் தொட்டியில் கொட்டினேன். அவள் மிரண்டுபோனாள்.

"கொதிக்க வெச்ச தண்ணிதான் அத்தை."

நானும் இதைத்தானே டாக்டரம்மாவிடம் சொன்னேன்? அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன். அண்ணன் எட்டிப் பார்த்தான். அவனை இழுத்துக்கொண்டு போய்க் குழியின் மூடியைத் திறந்து, காசைக் கையில் கொடுத்தேன். சுரண்டினான். ஒரு தடவை போதாதா? சுரண்டிக்கொண்டே இருந்தான்.

மார்ச் 29, சனி

தெருப்பக்கத்துக் குழாயை அலுவலகம் மாற்றிவிட்டது. மீட்டரிலிருந்து என் சமையலறை வரை நாங்கள் மாற்றினோம். சுவர் பக்கம் ஓர் இணைப்பு வைத்துவிடட்டுமா என்று பிளம்பர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் வேண்டாம் என்றான். சுவரை இடித்து ஒரே குழாயாக இழுத்தார்கள்.

சாயங்காலம் பின்கதவு வழியாக வந்து நின்றான்.

"வாலுவுக்கு எவ்ளோ இருந்துச்சு?"

இத்தனை நாளில் ஒரு தடவைகூடக் கேட்காத கேள்வி. இன்றைக்கு ஏன் கேட்கிறான் என்று தெரியாதா எனக்கு? காலையில் பேரனின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருக்கிறது. சொன்னேன்.

"பேரனுக்கு அதைவிட ஜாஸ்தி" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

சேர்த்து வைத்திருந்த வசவில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் எல்லோருமாகப் போகிறோம். காரில் அவன் முன்னால் உட்காரட்டும், நான் அவனோடு பேசப்போவதில்லை. குழந்தையை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன்.