சாவி வைத்திருப்பவருக்குத் தேர்வெழுத ஒரு நாள் வேண்டி

அனுப்புநர்
பெ. பூவரசன்,
இளநிலை உதவியாளர்,
தென்பெண்ணை கலை அறிவியல் கல்லூரி, திண்டிவனம்.
(இருப்பிடம்: பள்ளிக்கூடத் தெரு, கிளியனூர்.)

பெறுநர்
உயர்திரு மண்டலப் பணியமைப்பு அலுவலர் அவர்கள்,
உதவி பெறும் கல்லூரிகள் பிரிவு,
விழுப்புரம்.

பொருள்: உதவியாளர் பதவி உயர்வு – தகுதியுடையோர் வரைவுப் பட்டியல் – முதலிடத்தில் உள்ள என் பெயர் மீது நானே மறுப்புத் தெரிவித்தல் – பணிமூப்பில் முந்திய திருமதி லூர்துமேரி அவர்கள் துறைத் தேர்வு எழுத வழிசெய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: பட்டியல் மீது மறுப்பு இருப்பின் எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கோரும் தங்கள் அலுவலக அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முதலில் நன்றி சொல்லிக்கொள்கிறேன். தங்கள் அலுவலகப் பட்டியலில் என் பெயரை முதலாவதாகக் கண்ட அன்று காணை கிராமத்தில் உள்ள என் தாயாருக்குத் தொலைபேசியில் சொன்னேன். கரும்பு வெட்டுக்குப் போய் என்னைப் படிக்கவைத்தவர் அவர். அன்று மாலையே தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்திருக்கிறார். அந்த மகிழ்ச்சியைத் தந்த தங்களுக்கும் தங்கள் அலுவலகத்தாருக்கும் என் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இந்த மனுவை நன்றிகெட்டவன் எழுதியதாகக் கொள்ள வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. உதவியாளர் பதவி உயர்வுக்கு இரண்டு தகுதிகள் வேண்டும். ஒன்று, இளநிலை உதவியாளராக உரிய பணிக்காலம். மற்றது, கணக்குத் துறைத் தேர்வில் தேர்ச்சி. எங்கள் கல்லூரியில் எனக்கு வெகுவாக முந்திப் பணியில் சேர்ந்த திருமதி லூர்துமேரி அவர்களுக்கு முதல் தகுதி தேவைக்கு மேலேயே இருக்கிறது. இரண்டாவது இல்லை. ஆகவே பட்டியலில் அவர் பெயர் இடம்பெறவில்லை. விதிப்படி இது சரியே. விதியின் மீது எனக்குக் குறையில்லை.

2. அவர் ஏன் தேர்வில் தேறவில்லை என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். துறைத் தேர்வு ஆண்டுக்கு இருமுறை, மே மாதத்திலும் டிசம்பரிலும் வருகிறது. கல்லூரிப் பருவத் தேர்வுகளும் அதே நாட்களில்தான் நடக்கின்றன. பருவத் தேர்வு வினாத்தாள் கட்டுகள் இருக்கும் காப்பறைக்கு இரண்டு பூட்டுகள். ஒரு சாவி முதல்வரிடம் இருக்கும். மற்றொன்று அலுவலகப் பணியாளர் ஒருவரிடம் இருக்கும். இருவரும் நின்று திறந்தால்தான் கதவு திறக்கும். காலையும் மதியமும் திறக்க வேண்டும் என்பதால், சாவி வைத்திருப்பவர் தேர்வு முடியும்வரை ஊரைவிட்டு நகர முடியாது.

3. அந்தச் சாவி திருமதி லூர்துமேரியிடம் வந்தது அவர் வீடு கல்லூரியின் பின்தெருவில் இருந்த ஒரே காரணத்தால்தான். முன்பு வைத்திருந்தவர் ஓய்வுபெற்ற மாலையில் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதன்பின் முதல்வர்கள் மாறினார்கள், சாவி மாறவில்லை. ஒவ்வொரு புதிய முதல்வரும் வந்ததும் சாவி யாரிடம் என்று கேட்பார், லூர்துமேரியிடம் என்பார்கள், அப்படியானால் கவலையில்லை என்பார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அந்தக் கதைதான். இரண்டு தேர்வுகளும் ஒரே நாளில் மோதுகின்றன என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. எனவே இது எந்த மனிதர் மீதும் புகார் அல்ல. நாட்காட்டியின் மீது மனுக் கொடுக்க முடியுமானால் அதன் மீது கொடுத்திருப்பேன்.

4. நாங்கள் எல்லோரும் துறைத் தேர்வு எழுதப் போனது அவர் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான். நான் முதல்முறை எழுதித் தோற்றேன். இரண்டாம் முறை விடுப்புக் கேட்கவே கூச்சமாக இருந்தது. அவரே என் விடுப்பு விண்ணப்பத்தை முதல்வரின் மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, “நீங்க போய் எழுதிக்கினு வாங்க தம்பி. நான் எங்க போவப்போறேன், சாவியோட இங்கதான இருப்பேன்” என்றார். அன்று என் மேசைக்கு வந்த மாணவர்களையும் அவரே பார்த்து அனுப்பினார். அந்த முறை தேறினேன். இன்று தங்கள் பட்டியலில் நான் முதலில் நிற்பது அந்தத் தேர்ச்சியால்தான் ஐயா.

5. அவர் ஒருமுறையும் முயலவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பரில் அவரும் விண்ணப்பித்தார். தேர்வு மையம் விழுப்புரம். அந்த ஒரு நாள் மட்டும் சாவி என்னிடம் இருக்கலாம் என்று முதல்வரும் சம்மதித்தார். முந்தைய மாலை நான் விடைத்தாள் கட்டுகளைப் பல்கலைக்கழக வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அவர் காப்பறையைப் பூட்டி, பல்லாண்டு வழக்கப்படி சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவர் கொடுக்க மறந்தார். அவரிடம் சாவி இருப்பது எனக்கும் இயல்பாகவே பட்டது. மறுநாள் காலைப் பேருந்து விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரிசையில் நின்றபோது, நுழைவுச்சீட்டு இருக்கிறதா என்று பையைத் திறந்து பார்த்திருக்கிறார். கையில் சாவி தட்டுப்பட்டது.

உடனே என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் அப்படியே விழுப்புரம் போகட்டும், நான் இருசக்கர வண்டியில் பின்னாலேயே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன். “இந்தச் சாவிய ரோட்டுல கைமாத்தக் கூடாது தம்பி. நீங்க வந்து திரும்புறதுக்குள்ள மணி ஆயிடும், புள்ளைங்க பேஜாராயிடும். நான் எறங்கிட்டேன், வர்றேன்” என்றார். காய்கறி ஏற்றிவந்த ஒரு வேனில் திண்டிவனம் வந்து சேர்ந்தார். கதவு நேரத்துக்குத் திறந்தது. மாணவர்கள் தேர்வு எழுதினார்கள். விழுப்புரத்தில் அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. மற்றவர்கள் கேட்டபோது பேருந்து கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டார். அதன்பின் அவர் விண்ணப்பிக்கவே இல்லை.

6. சென்ற ஆண்டு, சாவியை இனி நான் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். “கைக்குழந்தைய வச்சிக்கினு கிளியனூர்லேர்ந்து விடிகாலையில ஓடியாருவீங்களா? வேணாம்” என்று முடித்துவிட்டார். தேர்வு பற்றிப் பேசினால், எனக்கு எதற்கு இனிமேல் என்று சிரிக்கிறார். ஆனால் மேலிடத்து உத்தரவு என்று ஒன்று வந்தால் அதை இம்மியும் தட்டமாட்டார். அதனால்தான் தங்களிடம் வந்திருக்கிறேன்.

7. இப்போது காலியாக உள்ள உதவியாளர் பணியிடம் எங்கள் நிர்வாகத்தின் விழுப்புரம் கல்லூரியில் இருக்கிறது. திண்டிவனத்தில் உள்ள மற்றொரு உதவியாளர் இடத்தில் திரு. கிருஷ்ணசாமி இருக்கிறார். திருமதி லூர்துமேரி ஓய்வுபெற்ற பிறகும் திரு. கிருஷ்ணசாமிக்குப் பணிக்காலம் இருக்கிறது. ஆக, இந்த ஓரிடத்தில் நான் அமர்ந்தால், திருமதி லூர்துமேரி இளநிலை உதவியாளராகச் சேர்ந்து இளநிலை உதவியாளராகவே ஓய்வு பெறுவார்.

இதுவும் எனக்கு முதலில் உறைக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் யாருக்குப் பதவி உயர்வு வந்தாலும் மாலை வாங்கும் வேலை அவருடையது. பட்டியல் வந்த மறுநாள் என் மேசையருகே வந்து, “பூக்கடையில சொல்லி வச்சிட்டேன் தம்பி. சாமந்தி வேணாம்னுட்டேன், உங்களுக்கு ரோஜா மாலதான்” என்றார். நான் சிரித்துவைத்தேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளிவைத்தேன். என்ன என்று கேட்ட என் மனைவி கலைப்பிரியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அந்த மாலைய வாங்கிப் போட்டுக்கினு அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பீங்க?” என்றாள். அவள் கேட்டது சரிதான். நான் இந்த இடத்தை இப்படியே ஏற்றுக்கொண்டால் உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவனாவேன்.

8. ஆகவே கீழ்க்காணுமாறு ஆவன செய்யுமாறு தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

(அ) வருகிற டிசம்பர் துறைத் தேர்வுக்குத் திருமதி லூர்துமேரி விண்ணப்பித்து, தேர்வெழுதச் செல்ல வேண்டும் என்று கல்லூரி முதல்வர் வழியாக உத்தரவிட வேண்டும்.

(ஆ) அந்தப் பருவத் தேர்வு முழுவதற்கும் காப்பறைச் சாவியை அவரிடமிருந்து கையொப்பமிட்டுப் பெற்று நான் வைத்திருக்க ஆணையிட வேண்டும். ஒரு நாளுக்கு மட்டும் என்றால் பழைய கதையே திரும்பும். முதல் நாள் தொட்டே அது என் பையில் இருக்கட்டும்.

(இ) தேர்வு முடிவு வரும்வரை பட்டியலை இறுதி செய்யாமல் நிறுத்திவைக்க வேண்டும்.

விதியைத் தளர்த்துமாறு நான் கோரவில்லை. தளர்த்திக் கொடுத்தாலும் அவர் வாங்கிக்கொள்ள மாட்டார். அவர் தேறினால், பணிமூப்பின்படி அந்த இடம் அவருடையது. நான் இருக்கும் இடத்தில் நிம்மதியாக இருப்பேன். அவர் தேறாவிட்டால், பதவியை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன். நான் துறவி அல்ல ஐயா, எனக்கும் ஆசை உண்டு. அவர் எழுதித் தோற்றால் என் மனம் ஆறும். எழுதாமலே தோற்றால் ஆறாது.

சென்ற மாத ஆய்வின்போது தாங்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, கடைநிலைப் பணியாளர்வரை எல்லோரையும் உட்காரவைத்து, குறை இருந்தால் தயங்காமல் எழுதுங்கள் என்றீர்கள். அப்படி எங்களிடம் கேட்டவர் தாங்கள் ஒருவரே. அந்தச் சொல்லை நம்பியே இவ்வளவு நீளமாக எழுதிவிட்டேன். பொறுத்தருள வேண்டுகிறேன்.

முடிக்கும் முன் ஒரு சிறு விண்ணப்பம். இந்த மனுவைப் பற்றித் திருமதி லூர்துமேரிக்கு எதுவும் தெரியாது. தெரிந்தால் அனுப்ப விடமாட்டார். எங்கள் கல்லூரிக்கு வரும் தபால்களைப் பிரிப்பவரும் அவரே. ஆதலால் எனக்கு எழுதும் பதிலை என் வீட்டு முகவரிக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறேன். அவர் தேர்வெழுதச் செல்ல வேண்டும் என்ற உத்தரவை மட்டும் கல்லூரிக்கே அனுப்புங்கள். அதை அவர் கையாலேயே பிரிக்கட்டும்.

என்றும் நன்றியுடன்,
தங்கள் பணிவுள்ள,
(ஒப்பம்) பெ. பூவரசன்

இடம்: கிளியனூர்
நாள்: 06.10.2025