கொற்றி தெரிஞ்சேதான் குடிச்சாளா

மே 12, செவ்வாய்
காலையிலிருந்தே அனல். ரெண்டு தடவை கரண்ட் போச்சு. நம்ம யூனிட்ல, என் செக்கிங் டேபிள்ல குழந்தை டி-சர்ட், நீலம், எண்ணூறு பீஸ். எண்பதாவது பீஸ்லயே கண்ணு எரிய ஆரம்பிச்சுருச்சு.

ஓரம் தைக்கற ஓவர்லாக் மெஷின்ல புதுசா சேர்ந்த புள்ள, மரியசெல்வி. வள்ளியூர்ப் பக்கம். டிபன் பைக்குள்ள ஒரு தடிப்புத்தகம், வேஸ்ட் துணியில அட்டை போட்டது. நூல் எடுக்கறப்ப கீழ விழுந்துச்சு. எடுத்துக் குடுக்கலாம்னு பிரிச்சா, 'உப்பு நாகம்', மூணாம் பாகம்!

நின்ன எடத்துலயே ரெண்டு பக்கம் படிச்சுட்டேன். நிஜமா.

"அக்கா, நீங்களும் படிப்பீயளா? எத்தனாவது பாகம் வரைக்கும் வந்திருக்கீய?"
"நாலு. கடைசி ரெண்டும் போன்ல, பாத்ரூம்ல உக்காந்து."
அந்தப் புள்ள சிரிச்சதுல பக்கத்து மெஷின் நின்னுபோச்சு.

காலேஜ் முடிஞ்சு ஆறு வருஷம். இந்தப் பேரை என் வாயால சொல்லியே ஆறு வருஷம்.

மே 14, வியாழன்
மத்தியானம் அரை மணி நேரம். தட்டப்பயிறு குழம்பு, அவ கொண்டாந்த கருவாடு (அத்தைக்குத் தெரியக்கூடாது, மாமியாராச்சே).

சண்டை. நாலாம் பாகம் முடிவுல கொற்றி நாகத்தோட பாஷை பேசறதுக்காக அதோட விஷத்தைக் குடிக்கறா. பாஷை வருது. மனுச பாஷை போயிருது. பெத்த அம்மாகிட்டக்கூட ஒரு வார்த்தை பேச முடியறதில்ல. குரல் போயிரும்னு தெரிஞ்சேதான் குடிச்சாளா?

செல்வி: தெரியும். தெரியாம குடிச்சா அவ கொற்றியே இல்ல.
நான்: தெரியாது. நாகம் சொல்லல. எல்லாத்தையும் சொல்லிட்டா குடிக்கச் சொல்லுவாங்க?

ரெண்டு பேருக்கும் கண்ல தண்ணி. சாப்பாட்டு டேபிள்ல எல்லாரும் பாக்கறாங்க.

சாயங்காலம் அத்தை, துணி மடிச்சுக்கிட்டே: "லேபர்கூட அப்பிடி என்ன கண்ணு பேச்சு? நம்ம எடத்துல நாம இருந்துக்கோணும்." கோவமில்ல. அவங்க எப்பவும் கோவப்பட மாட்டாங்க. கோவப்பட்டா பதில் சொல்லலாம்.

தேங்காய் எண்ணெய் வாங்கணும். பாவாடை நாடா.

மே 15, வெள்ளி
செல்வி மூச்சு வாங்க வந்தா. அஞ்சாம் பாகம் வந்தாச்சாம், கடைசிப் பாகம். எழுதின ஆழிவேந்தி ஞாயித்துக்கிழமை கோயமுத்தூர் வர்றாங்க. வாசகர்கள் கேள்வி கேக்கலாம். ஆழிவேந்தி ஆணா பொண்ணான்னே இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது!

மாமாகிட்ட கேட்டேன். புருஷன்கிட்ட கேக்கவும் நேரம் பாக்கணும். சாப்பிட்டு கை கழுவற நேரம், நல்ல மனசோட இருப்பாரு.
"கோயமுத்தூரா? செக்கப் அடுத்த மாசம்ல?"
"ஆஸ்பத்திரிக்கு இல்லீங்க. ஒரு புத்தகக் கூட்டம்."
"திங்கக்கெழம ஷிப்மென்ட் கவி. இன்னொரு நாளைக்குப் போயிக்கலாம்."

கல்யாணமாகி நாலு வருஷம். கோயமுத்தூர்ல எனக்குத் தெரிஞ்சது அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் மட்டும்தான். கீழ யூனிட், மேல ஊடு, நடுவுல இருபத்திரண்டு படி. திருப்பூர்ல நாங்க இருக்கற மண்ணரையிலயே அடுத்த வீதி எப்படி இருக்கும்னு சரியாத் தெரியாது.

செல்விக்கும் லீவு இல்லைன்னுட்டாரு. ஞாயிறும் லைன் ஓடணும், ஓவர்லாக்குக்கு ஆள் இல்ல. அவ பீஸைத் தள்ளற வேகம் மட்டும் கூடிருச்சு.

மே 17, ஞாயிறு
மாமா அவிநாசிபாளையத்துல ஒரு துக்க வீட்டுக்குக் காலையிலயே கிளம்பிட்டாரு.

7.50க்கு செல்வி வந்தா. பஸ்ஸுக்குப் போன்னு சொன்னேன்.
"மெஷின்ல யாருக்கா உக்காருவா?"
"நான்."

அப்பா ஊட்ல ரெண்டு ஓவர்லாக் இருந்துச்சு, வெள்ளகோவில்ல. பத்தாவது லீவுலயே ஓட்டிப் பழகினது. இங்க யாருகிட்டயும் சொன்னதில்ல. ஏன் சொல்லலைன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

அவகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லி விட்டேன். கொற்றி விஷயத்தைக் கேட்டுட்டு வா.

முதல் அரை மணி கை வரல. அப்புறம் வந்துருச்சு. தோள், சைடு, தோள், சைடு. பீகார் பசங்க போன்ல இந்திப் பாட்டு. சொல்லப்போனா சந்தோஷமாத்தான் இருந்தேன். இந்நேரம் கூட்டம் ஆரம்பிச்சிருக்கும், இந்நேரம் கை தூக்கியிருப்பா.

மூணு மணிக்கு மாமா வந்துட்டாரு. திட்டுவாருன்னு பாத்தேன். சிரிச்சாரு.
"அடேயப்பா! இத்தன நாளா சொல்லவே இல்லியே கவி!"
வீடியோ எடுத்து மச்சாண்டாருக்கு, அவரோட அண்ணனுக்கு, அனுப்பினாரு. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினாரு. அப்புறம் லைன் பூராவும் கேக்கற மாதிரி, "செரி, இனி ஓவர்லாக்குக்கு நம்மாளே ஆச்சு. சொன்ன பேச்சு கேக்காத ஆளு நமக்கெதுக்கு?"

காலு பெடல் மேலயே இருந்துச்சு. எடுக்கத் தோணல.

மே 18, திங்கள்
8.20. கேட்ல மாமா, செல்விகிட்ட, ரொம்ப மரியாதையா: "நீ வேற எடம் பாத்துக்க சாமி."
நான் அஞ்சடி தள்ளி நின்னேன். நாந்தான் அனுப்பினேன்னு சொல்லணும். வாய் வரல.

அவ அழல. சொந்தக் கத்திரி உள்ள இருக்கு, குடுங்கன்னா. எடுத்துட்டுப் போனேன். பேச மூணு நிமிஷம் கிடைச்சுது.

ஆழிவேந்தி பொம்பளை! அம்பது வயசிருக்கும், குட்டை, ஓயாம இருமல். செல்வி எந்திரிச்சு கேட்டிருக்கா. "நானும் எங்க அக்காவும் சண்டை போட்டுக்கிட்டிருக்கோம், நீங்கதான் தீர்த்து வைக்கணும்"னு. கூட்டமே சிரிச்சுதாம். அந்தம்மா இருமி முடிச்சுட்டு, "எழுதறப்ப எனக்கே தெரியல. குடிச்சதுக்கு அப்புறம் அவ என்ன செஞ்சாங்கறதுதான் எனக்கு முக்கியமாப் பட்டுது"ன்னாங்களாம்.

"அஞ்சாம் பாகம் வாங்கிட்டேன்க்கா. நான் முடிச்சிட்டுத்தான் தருவேன், கோவிச்சுக்காதீய."
வேலை போன அன்னைக்கு பேசற பேச்சா இது.

மே 19, செவ்வாய்
மாமாகிட்ட சொல்லிட்டேன். நாந்தான் அவளைப் போகச் சொன்னது.
"தெரியும் கவி," போனைப் பாத்துக்கிட்டே. "அதனால என்ன?"
தெரியும்!

மே 20, புதன்
செல்வி மெசேஜ். ரெண்டு வீதி தள்ளி ஒரு யூனிட்ல திங்கட்கிழமை மத்தியானமே சேந்துட்டாளாம். 'திருப்பூர்ல டெய்லருக்கா வேலை இல்ல. நீங்களும் வாங்கக்கா, நல்லாத்தான் தைக்கிறீயளாம்.'
சிரிச்சேன். அப்புறம் அந்த 'நீங்களும் வாங்கக்கா'வை இன்னொரு தடவை படிச்சேன். அவளுக்கு நான் பாவப்பட்டுக்கிட்டு இருந்தேன், ரெண்டு நாளா.

காலை 8.30லிருந்து மெஷின். சமையல் அதுக்கு முன்ன. அத்தை என் முதுகுக்குத் தைலம் தேச்சு விட்டாங்க. "எங்க கவி மாதிரி வருமா"ன்னு பக்கத்து ஊட்டம்மாகிட்ட. பூ வாங்கி வெச்சு விட்டாங்க. மல்லி. வாசம் தலையை வலிக்குது.

மே 22, வெள்ளி
செல்வி ரூம்ல ஞாயித்துக்கிழமை நாலு பேர் கூடறாங்களாம். கோயமுத்தூர் கூட்டத்துல பழக்கமானவங்க, எல்லாரும் திருப்பூர்தான். ஒருத்தர் சாயப்பட்டறை டையிங்ல, ஒருத்தி டீச்சர். அஞ்சாம் பாகம் முதல் நூறு பக்கத்தைச் சேந்து படிச்சுப் பேச.

மத்தியானம் மெஷினை நிறுத்திட்டு எந்திரிச்சேன். நாப்பது பீஸ் பாக்கி.
"ஞாயித்துக்கெழம நான் தைக்கலீங்க. செல்வி ரூமுக்குப் போறேன்."
"அந்தப் புள்ள ரூமுக்கா? பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"
"தெரியலீங்க."
மாமா பாக்கி பீஸை ஒரு தடவை எண்ணினாரு. "செரி, பாக்கலாம்."
இந்த ஊட்ல பாக்கலாம்னா இல்லைன்னு அர்த்தம். நாப்பதையும் முடிச்சுட்டுத்தான் சாப்பிட்டேன்.

மே 24, ஞாயிறு
தூறல். இட்லி, வெங்காயச் சட்னி. எல்லாருக்கும் எடுத்து வெச்சு மூடிட்டேன். ஷாம்பு போட்டுக் குளிச்சேன்.

9.10. கீழ இறங்கினேன். மெஷின் மேல கட்டு கட்டா பீஸ், எனக்காக அடுக்கி வெச்சது. மாமா கட்டிங் டேபிள்ல. நிமிரல, ஆனா அளக்கற கை நின்னுபோச்சு.

கேட் பக்கத்துல அத்தை.
"எங்க கண்ணு?"
"கதை பேசப் போறனுங்க."
"எப்ப வருவே?"
"பேசி முடிச்சதுமுங்க."