விளக்கை முகத்துக்கு நேரே வை

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், என் கோபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கி என்னிடம் திட்டு வாங்குகிறார். எல்லாரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ பாதியில் புகுந்து, நான் அப்படிச் சொல்லலம்மா என்பாய், நான் கத்துவேன், அப்பா போனைப் பிடுங்கிக்கொள்வார். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதற்குத்தான் இது. தூரத்துல தனியா இருக்கிற பிள்ளை, பாத்து மெதுவா எழுது என்கிறார் அப்பா. மெதுவாக எழுத வேண்டுமானால் அவரே எழுதட்டும்.

உன் தங்கையின் கை ஆறிக்கொண்டு வருகிறது, கட்டு இன்னும் பிரிக்கவில்லை. வலது கை விரல்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றியிருக்கிறார்கள். மற்றவர்களுக்குக் கை வெந்தால் சாப்பிடத்தான் கஷ்டம், இவளுக்குப் பேச்சே நின்றுபோச்சு. இடது கையால் ஏதோ சொல்கிறாள், பாதிதான் பிடிபடுகிறது, புரியாமல் நான் தலையாட்டினால் உடனே கண்டுபிடித்து முறைக்கிறாள். ஊட்டிவிடப் போனால் ஸ்பூனைப் பிடுங்கிக்கொள்கிறாள். ரோஷத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

நடந்ததை நீ அரைகுறையாகத்தான் கேட்டாய், அதனால் முழுசாக எழுதுகிறேன், படி. அவளுடைய தையல் கம்பெனியில் காது கேட்காதவர்கள் அவளையும் சேர்த்து ஏழெட்டுப் பேர். கேன்டீனில் நடுவில் இருக்கிற பெரிய மேஜைக்கு மேலேதான் நல்ல டியூப்லைட், மற்ற இடமெல்லாம் மங்கல். ஒருத்தர் கை ஒருத்தருக்குத் தெரிந்தால்தானே இவர்கள் பேச முடியும், அதனால் அந்த மேஜையைச் சுற்றி உட்கார்வார்கள். தள்ளி இருப்பவரைக் கூப்பிட மேஜையைத் தட்டுவார்கள், காலால் தரையை உதைப்பார்கள், அந்த அதிர்வு தெரிந்து அவர் திரும்புவார். சிரிப்பு வந்தால் பெரிதாகச் சிரிப்பார்கள், அது எவ்வளவு சத்தம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும். இவ்வளவுதான் குற்றம். நடு மேஜையைப் பிடிச்சுக்கிட்டு சீன் போடுறாங்க, எல்லாரும் இவங்களையே பாக்கணுமாம் என்று பேச்சு கிளம்பியது. ஒரு நாள் யாரோ அந்த டியூப்லைட்டைக் கழற்றிவிட்டார்கள். இவர்கள் சண்டைக்குப் போகவில்லை, டீயை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் போய் நின்றார்கள். வழியை மறிக்கிறார்கள் என்று அதற்கும் புகார். இவர்கள் எங்கேதான் போய்ப் பேச வேண்டும், நீயே சொல்லு.

கடைசியில் உன் தங்கைதான் மேனேஜரிடம் போய் விளக்கைத் திரும்ப மாட்டச் சொன்னாள். தீப்பிடித்தால் அடிக்கிற மணி எங்களுக்குக் கேட்காது, அதற்கும் ஒரு சிவப்பு விளக்கு வேண்டும் என்று சேர்த்து எழுதிக் காட்டியிருக்கிறாள். இரண்டையும் மாட்டினார்கள். துணி வெட்டுகிற பிரிவில் ஒருவன் இருக்கிறான், மகாராணிக்கு லைட் செட்டிங் எல்லாம் ரெடி என்று நக்கல் அடித்தானாம். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டும் இவள் கண்டுகொள்ளவில்லை. மறுநாள் இவள் கையை விரித்து ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் பின்னால் வந்து நின்று, அவளைப் போலவே கையை ஆட்டிக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்திருக்கிறான். அப்புறம், இப்ப பேசு பாக்கலாம் என்று சொல்லி, குவளையில் இருந்த கொதிக்கிற டீயை அவள் கைமேல் சாய்த்தான். தவறி விழவில்லை, சாய்த்தான். பக்கத்து மேஜைக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். விசாரணையில் சூப்பர்வைசர் கேட்ட முதல் கேள்வியே இவளிடம்தான், நீங்க கொஞ்சம் கண்ணுல படாம இருந்திருக்கலாமே என்று.

சரி, அந்த சூப்பர்வைசர் யாரோ எவரோ. நீ என்ன சொன்னாய்? பாவம்தான்மா, ஆனா இதுங்களும் சும்மா இருக்கிறதில்ல, எல்லாரும் தங்களைக் கவனிக்கணும்னு எதையாவது பண்ணி வாங்கிக் கட்டிக்குதுங்க என்றாய். இதுங்களாம். கூடப் பிறந்தவளை ஆடு மாடு மாதிரி இதுங்க என்கிறாய். நீ அந்த ஊருக்குப் போன புதிதில் பஸ்ஸில் நம் மொழியில் என்னிடம் போனில் பேசினாய் என்று ஒருத்தன் உன்னை முறைத்து, இங்க வந்து உங்க சத்தத்தைக் காட்டாதே என்றானே, அழாத குறையாக என்னிடம் சொன்னாயே, அன்றைக்கு நீ ஏன்டா வாயைத் திறந்தே என்று நான் கேட்டேனா? அவன் நாசமாய்ப் போக என்றுதான் சொன்னேன். தங்களைக் கவனிக்கச் சொல்கிறவர்களும் இவர்களில் இருக்கிறார்கள், இல்லை என்று நான் சொல்லவில்லை. இவளுடைய சிநேகிதி ஒருத்தி கை பேசும்போது எடுப்பாகத் தெரியட்டும் என்று பத்து விரலுக்கும் பத்து நிறத்தில் நகப்பூச்சு போட்டுக்கொண்டு வருவாள். போடட்டுமே. பிடித்தால் பார், பிடிக்காவிட்டால் உன் தட்டைப் பார்த்துச் சாப்பிடு. பார்க்கச் சொன்னவள் கையில் கொதிக்கிற டீயை ஊற்றுவது எந்த ஊர் நியாயம்? ஊற்றினவனை விட்டுவிட்டு, ஏன் வெளிச்சத்தில் உட்கார்ந்தாய் என்று வெந்த கையைக் கேட்கிறீர்கள், அந்த சூப்பர்வைசரும் நீயும் ஒன்றுதான்.

இதைவிடப் பெரிய கூத்தை இனிமேல்தான் சொல்லப் போகிறேன். நீ வீடியோவில் அப்படிப் பேசியபோது அவள் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அது உனக்குத் தெரியும். அவளுக்குத்தான் கேட்காதே என்று தைரியமாகப் பேசினாய். அடப்பாவி, உன் உதட்டைப் போல வேறு யார் உதட்டையும் அவள் படித்ததில்லை என்பது மறந்துபோச்சா? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளைக் கண்ணாடி முன்னால் உட்கார வைத்து, பக்கத்தில் நீயும் உட்கார்ந்து, வாயைக் கோணிக் கோணிப் பழக்கினது நீதானே. என்னைக்கூட இன்னொரு தரம் சொல்லு என்பாள், உன்னை அப்படிக் கேட்டதே கிடையாது.

அவள் அழவில்லை, உன்னைத் திட்டவும் இல்லை. நீ போனை வைத்த பிறகு இடது கையால் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள், எனக்குப் புரிய வேண்டுமே என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். அண்ணன் ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்காந்திருந்தான், முகம் இருட்டா இருந்துச்சு, நான் தப்பாப் படிச்சிருப்பேனா என்று. அடுப்பை அணைக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

கட்டு பிரித்ததும் அதே மேஜைக்குத்தான் போவாளாம். அந்தக் கட்டிங்காரன்மேல் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டோம், சமாதானமாகப் போகச் சொல்லி வந்தவர்களை அப்பா வாசலோடு அனுப்பிவிட்டார். நீ நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. எந்த ஊரிலும் யாரும் உன்னை வாய் மூடச் சொல்லாமல் நீ நன்றாக வாழ வேண்டும், அது என் ஆசீர்வாதம்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, என்னை இல்லை, அவளை. ஜன்னலுக்கு முதுகு காட்டாதே, விளக்கை முகத்துக்கு நேரே வைத்துக்கொள். என்னிடம் கேட்டதை அவள் உன்னிடமே கேட்பாள். இடது கைதான், மெதுவாகத்தான் வரும், கேட்டு முடிக்கும்வரை காத்திருந்து பதில் சொல்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும் அம்மா