சக்தி இல்லாத ஐந்து பேர்

அண்ணாச்சி,

நேற்று உங்கள் மகள் ஒரு பை நிறைய பழைய காமிக்ஸ் புத்தகங்களைக் கொண்டுவந்தாள். "அப்பா போறதுக்கு முன்னால உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாங்க சித்தப்பா" என்றாள். பையைத் திறந்ததும் மக்கிய தாளின் வாடை. மேலாக இருந்தது நம் ஐவர் படை. உலகப்போரில் எதிரி விமானங்களை வெறுங்கையால் மடக்கும் ஐந்து வீரர்கள், ஆளுக்கொரு துணையாள்.

நாம் வேலை பார்த்த ஆயத்த ஆடைக் கம்பெனியின் கட்டிங் செக்‌ஷனில் டீ நேரத்தில் இதற்காகவே சண்டை போடுவோம். எனக்குப் படைத்தலைவன்தான் உசத்தி. உங்களுக்குத் துணையாட்கள். "குண்டு பட்டாலும் சாவாதவன் முன்னால நிக்கதுல என்னவே இருக்கு? கூடப் போறவனுக்கு ஒரு சக்தியும் கெடையாது. அவனும் போறாம்லா!" என்பீர்கள்.

அந்த நாட்களில்தான் துணி வெட்டும் மெஷினில் பீகார்க்காரர் ராம்லாலுக்கு இரண்டு விரல்கள் போயின. கையைக் காக்கும் தடுப்பு உடைந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ராம்லாலே அதைக் கழற்றிவிட்டதாக எழுதி, சாட்சிக் கையெழுத்துக்கு மேனேஜர் நம் இருவரிடமும் நீட்டினார். என் பையனுக்கு அப்போதுதான் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன்.

நீங்கள் பேனாவைத் தொடவில்லை. "உடைஞ்சு கெடக்குன்னு நாந்தான் ரெண்டு தடவ சொன்னேன் சார். அத எழுதுங்க, போடுதேன்." அன்று மதியமே உங்களை வெளியே அனுப்பினார்கள்.

 இரண்டு வாரம் கழித்து விசாரணைக்கு அரசாங்க அதிகாரி வந்த அன்று, கட்டுப்போட்ட கையோடு நின்ற ராம்லாலின் பக்கத்தில் நீங்கள் மட்டும் இருந்தீர்கள். உள்ளே போய், "நான் போட்ட கையெழுத்து பொய்யிங்க" என்று சொல்லிவிட்டேன். ராம்லாலுக்கு நியாயம் கிடைத்தது. எனக்கும் வேலை போனது.

வெளியே வந்தபோது உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "வந்துட்டீருல்லா, போதும்" என்றீர்கள். அதற்குப் பிறகு, ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த நாள் வரை, அந்த முதல் கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இப்போது நான் வேறொரு கம்பெனியில் சூப்பர்வைசர். போன வாரம் ஷிப்மென்ட் அவசரம் என்று அவசர வழியை மறித்துப் பெட்டிகளை அடுக்கச் சொன்னார்கள். "முடியாதுங்க, உள்ள நூறு பேரு தைக்கறாங்க" என்றேன். முதலாளி கத்தினார். எனக்கும் ஒரு சக்தியும் கிடையாது, அண்ணாச்சி. ஆனாலும் அந்தக் கதவை விட்டு நகராமல் நின்றேன்.