துண்டுக்குள் போன நாலு ரூபாய்

12-1-64

கணக்கு வாத்தியார் வேலையை விட்டுவிட்டு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரத்தில் இறங்கிய பூவராகவனைப் பைத்தியம் என்றது செஞ்சிக் கடைத்தெரு. அதில் பாதி என் பிரச்சாரம். இப்போது அதே கடைத்தெரு அவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, என் பாத்திரக்கடையில் வந்து பெருமையடிக்கிறது. நானும் கொடுத்திருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை, ஆகவே எல்லோருக்கும் தெரியும்.

பத்து வருஷத்து மழையும் விலையும் அவர் தலைக்குள் இருக்கின்றன. வாங்கிய மூட்டைகளில் பாதியை முன்கூட்டியே விலை பேசி விற்றுவிடுவார். பாதியை விலை ஏறட்டும் என்று வைத்திருப்பார். ஏறினாலும் இறங்கினாலும் தப்பிக்கலாம்.

என் மனைவி குஞ்சம்மாளுக்குப் பிடிபடவில்லை. "இன்னாங்க இது, சீட்டாட்டத்துல ரெண்டு கையும் அவரே ஆடறாரா?"

இந்த வருஷ லாபத்தில் உயர்நிலைப் பள்ளியில் பெண்களுக்குத் தனி வகுப்பறை. பணம் போட்ட எங்கள் எல்லோரையும் சம்மதிக்க வைத்துவிட்டார்.

18-1-64

மகள் நீலாவதி எட்டாவது. பையன்களோடு உட்கார்ந்து ஒன்பதாவது படிக்க வேண்டாம் என்பது குஞ்சம்மாள் தீர்ப்பு. வகுப்பறை வந்தால் படிப்பு, இல்லாவிட்டால் அடுப்பு. நீலா தினமும் பூவராகவன் வீட்டு வாசலில் நிற்கிறாள்: "மாமா, வெல ஏறுதா?"

3-2-64

பூவராகவனுக்குக் காய்ச்சல். மீதி மூட்டைகளை விற்க என்னை அனுப்பினார். "மூட்ட நாப்பத்திரண்டுக்குக் கொறைக்காத. வாயத் தொறக்காத."

என் வாயைப் பற்றி அவருக்குத் தெரியும். உள்ளங்கையைப் பற்றித் தெரியாது.

மற்றவர்களுக்கு விலை தெரியக்கூடாதென்று துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம். எண்ணெய் மில் விநாயகம் முப்பத்தெட்டில் ஆரம்பித்தார். சம்மதம் என்றால் அவர் விரலை இறுக்கிப் பிடிக்க வேண்டும். அதற்குள் அவர் நகம் என் உள்ளங்கையில் உரசிவிட்டது. கிகிகி என்று துள்ளி, அகப்பட்ட விரலை இறுக்கிவிட்டேன்!

"முடிஞ்சிது," என்று துண்டை உதறினார்.

"யோவ், அது கூச்சம்யா!"

"கூச்சமோ காச்சலோ, புடிச்சது புடிச்சதுதான்."

துண்டுக்குள் முடித்த பேரத்தை மாற்றினால் பிறகு எவனும் நம்மோடு வியாபாரம் செய்யமாட்டான். மூட்டைக்கு நாலு ரூபாய் போச்சு.

4-2-64

குஞ்சம்மாள் சொன்னது ஒன்றே ஒன்று: "சிரிச்சிக்கினே கெடுத்துட்டீங்க." நீலா சாப்பிடவில்லை. ஊரையே சிரிக்க வைக்கிறவன்னு மார்தட்டினியேடா செல்லப்பா — இன்னா புண்ணியம் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

6-2-64

பூவராகவனிடம் சொன்னேன். இருமல் வரும்வரை சிரித்தார்.

"முன்னாடியே வித்த பாதி இருக்குதில்ல? உன்ன மாதிரி ஆளுக்குத்தான்யா அந்த ஏற்பாடு. செவுரு எழும்பிடும். ஓடு போடத்தான் கொறையும்."

"அதுக்கு?"

"என் பங்கு இருக்குது. போட்டுடலாம். எனக்கு இப்ப கஞ்சிதான எறங்குது?"

20-3-64

ஓடு ஏறுகிறது. விநாயகம் இரண்டு ஜன்னல் அனுப்பியிருக்கிறார். 'கூச்சத்துல வந்த லாபம்' என்றாராம்.

15-6-64

நீலாவைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட, கடையைப் பூட்டிவிட்டுப் புது வேட்டியோடு தயாராக நின்றேன். "நீங்க வராதீங்க நைனா. எல்லாரும் பாப்பாங்க," என்று சொல்லிவிட்டு, எதிர்வீட்டுப் பெண்ணோடு ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டாள் நீலா.

திரும்பி வந்து கடையைத் திறந்தேன். யாரிடமும் வம்பு பேசத் தோன்றவில்லை. குடம் வாங்க வந்த அம்மாள், உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனாள்.